முப்பத்தோராம் வரிசை

அலுவலகத்தில் எனக்கு வைத்திருந்த பெயர் ஊசி. முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு பெயர் உலவ முடியுமா? அடுத்தவர் தப்பைக் குத்திக் காட்டுவதில் எனக்கு அப்படியொரு ஆனந்தம். பிழைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. யார் எந்த எண்ணைத் தப்பாக எழுதினார்கள் என்று ஆளுக்கொரு பக்கம். பதினெட்டு வருட வேலையில் என் பக்கம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

நாடு இரண்டாகி ஒன்றையொன்று சுட்டுக்கொள்ள ஆரம்பித்த இரண்டாம் வருடம் எங்களை இரண்டாம் மாடியில் ஒரு அறைக்கு மாற்றினார்கள். முன்பு வரைபடங்கள் வைத்திருந்த அறை. ஒரு நீள மேஜை, பிரிவதற்கு முந்தைய பதிவேடுகள் அடைத்த ஒரு இரும்பு அலமாரி, எப்போதும் ஒழுகும் ஒரு ஜன்னல். வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒப்பீட்டு அட்டவணை. அறுபத்துநான்கு வரிசை, இரண்டு பத்தி. 'அ' என்றால் நாங்கள். 'ஆ' என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். துப்பாக்கிகளையும் சிப்பாய்களையும் எண்ண வேறு பிரிவு இருந்தது. எங்களுக்கு மிச்சமெல்லாம். ரயில் இன்ஜின்கள், டீசல் தொட்டிகள், டாக்டர்கள், சிமெண்ட், செருப்புத் தோல், வெல்டர்கள், மாவு மில்கள். அவர்களிடம் எவ்வளவு, நம்மிடம் எவ்வளவு. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு அடிக்கும்போது அட்டவணை மேலே போயாக வேண்டும்.

எங்கள் கண்காணிப்பாளரை எல்லாரும் தராசு என்போம். எதைப் பேசினாலும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஏற்றி இறக்கித்தான் பேசுவார். "சண்டைய ஆரம்பிக்கிறது துப்பாக்கி. எத்தன நாளைக்கு இழுக்கலாம்னு சொல்றது நம்ம அட்டவணை" என்பார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

வேலைக்கு என்று ஒரு முறை வைத்திருந்தோம். ஊகமாக வரும் எண்ணைப் பென்சிலில் எழுத வேண்டும். உறுதியானால் மையில். மையில் எழுத ஆதாரச் சீட்டு வேண்டும்: எண் என்ன, யார் சொன்னது, எப்போது. கடைசியில் சரிபார்ப்பு. ஒருவர் வாசிக்க, எதிரே இருப்பவர் அளவுகோலை வரிசை வரிசையாக நகர்த்தி டிக் போட வேண்டும். எந்த எண்ணையும் ஒரே தடவைதான் வாசிக்கலாம். இரண்டாம் தடவை வாசித்தால் யாராவது இரண்டாகக் கூட்டிவிடுவார்கள் என்று துறையில் பழைய பயம்.

டிக் போடுவது நான். வாசிப்பது ரேடியோ. அவருடைய குரல் செய்தி வாசிப்பவர் குரல். இழவுச் செய்தியையும் மழைச் செய்தியையும் ஒரே மாதிரி வாசிக்கிற குரல். ஐம்பத்தைந்து வயது மனிதர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. பதினோரு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பது தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவர் எண்ணைப் பிசகாமல் வாசித்தார், எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவுக்கு வந்த அன்று எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 'அந்தப் பக்கம் எனக்கு உறவினர் எவரும் இல்லை.' நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

எனக்கு அங்கே ஒரே தங்கை. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவள் புருஷன் மாவு மில்லில் ரோலர் ஓட்டுகிறவர். இரண்டு பெண் குழந்தைகள். சண்டை வந்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நிவாரணச் சங்கம் மூலமாக ஒரு திறந்த அட்டை அனுப்பலாம். இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் கூடாது. எங்கள் தெருத் தையல்காரி பெயருக்கு அவள் அட்டை வரும். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்து எனக்குத் தருவாள் அந்தப் புண்ணியவதி.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வந்த அட்டை இது:

'அக்கா, நாங்கள் நலம். சாம்பலான மில் திரும்ப ஓடுகிறது. அவருக்கு வேலை. தினமும் மாவு பூசிய பேயாக வருகிறார். சின்னவள் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள். மில் குடியிருப்பில்தான் வீடு. நேரத்துக்குச் சாப்பிடு. கோபப்படாதே.'

எண்ணிப் பார்த்தேன், சரியாக இருபத்தைந்து. என் தங்கை இல்லையா! இதைத் தணிக்கையில் எப்படி விட்டார்கள் என்று கேட்கலாம். இரண்டு பக்கத் தணிக்கைக்காரர்களும் வார்த்தைகளை எண்ணுவார்களே தவிரப் படிக்க மாட்டார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய அட்டை. ஏழெட்டு மாதமாகப் புருஷனுக்கு வேலையில்லாமல் அவள் எழுதிய அட்டைகளில் பசி வாடை அடித்தது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படித்து முடித்ததும் என் மனசில் முதலில் வந்தது தங்கை இல்லை, குழந்தைகள் இல்லை. முப்பத்தோராம் வரிசை. ஓடும் மாவு மில்கள்: 'அ' நாற்பத்தொன்று, 'ஆ' ஆறு. தீப்பிடித்து எரிந்த அந்த மில்லை மூடியது என்று கழித்துத்தான் ஆறு போட்டிருந்தோம். அப்படியானால் ஆறு தப்பு. ஏழு.

ஒரு தப்பான எண் என் அட்டவணையில் எத்தனை வாரமாகவோ உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது! அது எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக ஆறை அடித்துவிட்டு மையில் ஏழு என்று எழுதினேன். ஆதாரச் சீட்டில் 'நம்பத்தகுந்த தனிப்பட்ட தகவல்' என்று போட்டேன். "ஏழுன்னு எப்படி மேடம் தெரியும்?" என்று ரேடியோ கேட்டார். "எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க, அதையும் தெரிஞ்சுக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வாசித்தார். "முப்பத்தொண்ணு. அ, நாப்பத்தொண்ணு. ஆ, ஏழு." நான் டிக் போட்டேன். அட்டவணை மேலே போனது. அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை மேலேயிருந்து ஒரு நீலச் சீட்டு வந்தது.

நீலச் சீட்டு என்றால் என்ன என்று எங்கள் அறையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். அதில் ஒரு வரிசை எண்ணும் இரண்டு வார்த்தையும் இருக்கும்: 'இடம் தருக.' பன்னிரண்டாம் வரிசைக்கு ஒரு தடவை வந்தது, டீசல் தொட்டிகள். எங்கே எங்கே இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை 'ஆ' பத்தியில் பதினான்கு மூன்றானது. பத்தொன்பதாம் வரிசைக்கு ஒரு தடவை வந்தது, பாலங்கள். ஒன்பது இரண்டானது. நாங்கள் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினோம், அவ்வளவுதான். அந்தப் பாலங்களின் மேல் யார் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதற்கு எங்களிடம் வரிசை இல்லை.

அந்தத் திங்கட்கிழமைச் சீட்டில் எழுதியிருந்தது: 'வரிசை 31, பத்தி ஆ. ஏழுக்கும் இடம் தருக.'

சீட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன். மில் குடியிருப்பு என்பது மில் சுவரை ஒட்டியது. ஒரே சுவர். நான் ஒருதடவை போய்த் தங்கியிருக்கிறேன், ரோலர் ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். யாரும் கேட்காத ஒரு எண்ணை, யாருக்கும் தெரியாத ஒரு எண்ணை, நானே தேடிப்போய், நானே மையில் எழுதி, நானே டிக் போட்டு அனுப்பியிருக்கிறேன். எதற்கு? சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

எழுந்து தராசின் அறைக்குப் போனேன்.

"சார், முப்பத்தொண்ணாவது வரிசை. ஏழு இல்ல, ஆறுதான். நான் தப்பா எழுதிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான் சார்."

"நம்பத்தகுந்த தகவல்னு மையில எழுதியிருக்கீங்களே."

"நம்பியிருக்கக் கூடாது சார். ஊர்ல நாலு பேர் பேசிக்கிட்டதக் கேட்டு எழுதிட்டேன். அந்த மில்லு எரிஞ்சது எரிஞ்சதுதான். அங்க சாம்பலத் தவிர ஒண்ணுமில்ல."

அவர் கைகள் மேஜை மேல் கிடந்தன. முதல் தடவையாக அவை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அந்தப் பக்கம் உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல சார். கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"போட்டிருக்கீங்க" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து பிழைப் பதிவேட்டை எடுத்து என் பக்கத்தைத் திருப்பினார். அந்த வெள்ளைப் பக்கத்தில் என் கையாலேயே எழுதச் சொன்னார்: 'வரிசை 31-ஆ. தவறான தகவல். நீக்கவும்.' எழுதினேன். பெட்டிப் பாம்பாக எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "இனிமே தனிப்பட்ட தகவல் எதுவும் வேணாம்மா. ஒண்ணுமே தெரியாதவங்களா இருங்க. அதுதான் நல்லது."

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதனை நான் எத்தனை தடவை கேலி பேசியிருக்கிறேன்.

மதியம் ஆறு இடங்களின் பட்டியல் தயாரானது. ரேடியோ வாசிக்க, நான் அளவுகோலைப் பிடித்தேன். ஒன்று, ரயில் சந்திப்புக்கு வடக்கே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். இரண்டு, பழைய சந்தைக்குப் பின்னால். மூன்று, கால்வாய்க் கரை. நான்கு, படகுத் துறைக்கு மேற்கே, இரட்டைப் புகைபோக்கி.

நான்காவதை டிக் போட்டுவிட்டு அளவுகோலை நகர்த்தினேன். அவர் ஐந்தாவதுக்குப் போகவில்லை.

"நாலு" என்றார் மறுபடியும். "படகுத் துறைக்கு மேற்கே. இரட்டைப் புகைபோக்கி."

"ஒரு தடவ போதும் ரேடியோ. எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றேன்.

"சாரி மேடம்" என்றார். ஐந்து வாசித்தார். ஆறு வாசித்தார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஏழாவது வாசிக்கப்படவில்லை. எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் அந்த வாசிக்கப்படாத ஏழாவதுதான்.

வியாழக்கிழமை காலையில் விமானங்கள் எங்கள் கட்டடத்துக்கு மேலே போயின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், அந்தப் பழக்கத்தை எங்கே விடுவது. சாயங்காலம் நம் தரப்பு அறிவிப்பு வந்தது: எதிரியின் மாவு உற்பத்தி முற்றிலும் நின்றது.

வெள்ளிக்கிழமை ரேடியோ வாசித்தார். "முப்பத்தொண்ணு. அ, நாப்பத்தொண்ணு. ஆ, பூஜ்யம்."

அது பொய்யான எண். ஒன்று என்று இருக்க வேண்டும். அந்த ஒன்றில் டம்ளர்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, ஒருத்தர் மாவு பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார், ஒரு குழந்தை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு இருந்தார்கள். பதினெட்டு வருடத்தில் முதன்முதலாகத் தெரிந்தே ஒரு தப்பான எண்ணுக்கு டிக் போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து ஆடலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்துச் செய்தித்தாள்கள் வந்தன. வழக்கமாக நாலைந்து நாள் தாமதமாக வரும். எங்களுக்கு அவையும் ஆதாரம்தான். இரண்டாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கம் வரை கறுப்புக் கட்டம் கட்டி மில் வாரியாகப் பெயர்கள். பெயருக்கு எதிரே செய்த வேலை. எங்களுக்கு வேண்டியது முப்பத்திரண்டாம் வரிசை, திறமையான ஆலைத் தொழிலாளர். ரோலர் ஓட்டுநர், ஃபிட்டர், கொதிகலன்காரர் என்று இருப்பவர்களை எண்ணி 'ஆ' பத்தியில் கழிக்க வேண்டும். மூட்டை தைப்பவர், சுமப்பவர், கூட்டுபவர் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி, யார் போட்டதோ தெரியாது.

நான் அளவுகோலை வைத்து வேலைப் பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பெயர்களைப் படிக்கவில்லை. படித்தால் எண்ண முடியாது. நான்காவது மில்லில் மொத்தம் நூற்றுப் பதினேழு வரி, அதில் கழிக்க வேண்டியது இருபத்திரண்டு.

டீ வந்தது. ரேடியோ தொடவில்லை.

"ஆறிப்போகுது" என்றேன்.

"மேடம், நாலாவது மில்லுல அறுபத்துமூணாவது வரி பாத்தீங்களா?"

"வேலைய மட்டும்தான் பாத்தேன். ஏன், எண்ணிக்கை இடிக்குதா?"

"இல்ல, சரியா இருக்கு. மூட்டை தைக்கிறவங்க. கழிக்கிற கணக்குல வராது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எம்பொண்ணு."

டீ டம்ளர் என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்து ஆறு வருஷமாச்சு. நானும் யாருமில்லன்னுதான் கையெழுத்துப் போட்டேன்." சத்தம் போடாமல், செய்தி வாசிப்பது போலவே சொன்னார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சார்கிட்ட சொல்லியிருக்கலாமே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது மேடம்? அது ஓடுற மில்லு. எண்ணிக்கை சரியா இருந்துச்சு." ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார். "திங்கக்கிழம நீங்க சார் ரூமுக்குப் போனீங்க. வந்தப்புறம் ஏழு ஆறாச்சு. ஏதோ இருக்குன்னு புரிஞ்சுது. ஆனா எண்ண மாத்திச் சொல்லலாம்னு எனக்குத் தோணவே இல்ல மேடம். ஒரு தடவகூடத் தோணல. வாசிச்சு வாசிச்சுப் பழகிட்டேன். இருக்கிறத வாசிக்கணும், அவ்வளவுதான். நாலாவது வந்தப்ப மட்டும் நாக்கு அங்கயே நின்னுபோச்சு."

நான் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குக் காது நல்லாவே கேக்குது. பாவி, என்ன கேட்டது எனக்கு? பதினோரு வருடமாக அந்த மனிதன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு எண்ணை இரண்டு முறை வாசித்தார். என் தங்கைக்காக நான் பொய் சொல்லி முடித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கேட்காமல் கேட்டதை நான் கேலி பண்ணி அடக்கினேன். கேட்டிருந்தால் நாங்கள் இருவரும் ஏதாவது செய்திருப்போமா, நான்காவதையும் சாம்பல் என்று எழுதியிருப்போமா, தராசு இரண்டாவது கையெழுத்துப் போட்டிருப்பாரா, தெரியாது. மற்ற ஐந்து மில்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை நினைக்க எனக்குத் தைரியமில்லை.

"எங்க தங்கச்சி" என்றேன். "ஏழாவதுல. ரெண்டு கொழந்தைங்க."

அவர் தலையை ஆட்டினார். "இருக்காங்களா?"

"இருக்காங்க."

"இருக்கட்டும்" என்றார். மனசாரச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு அவர் ஒரு ஆதாரச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். நிதானமாக, மையில். எழுதி முடித்ததும் கேட்டார், "இது எந்த வரிசைல போடறது மேடம்?"

முப்பத்திரண்டில் வராது. மூன்றாம் வரிசை மக்கள் தொகை. ஆனால் அது ஆயிரக் கணக்கில், ஐந்நூறுக்குக் கீழே வந்தால் விட்டுவிடுவோம். அறுபத்துநான்கு வரிசையையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு மனப்பாடம். டாக்டர்கள் இருந்தார்கள், இன்ஜின்கள் இருந்தன, செருப்புத் தோல்கூட இருந்தது.

"வரிசை இல்ல ரேடியோ" என்றேன்.

"இல்லல்ல?" என்றார். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல. எழுதினதுக்கு ஒரு சரிபார்ப்பு பண்ணிடலாமா?"

அளவுகோலை எடுத்தேன். பென்சிலை எடுத்தேன். அவர் சீட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். முதலில் அவள் பெயர். பதினோரு வருடத்தில் அவர் எனக்கு வாசித்த முதல் பெயர் அதுதான். அப்புறம், "வயது, இருபத்தொம்பது. வேலை, மூட்டை தைப்பவர். கழிக்க வேண்டியது, ஒண்ணு. ஆதாரம், தகப்பன்."

டிக் போட்டேன். அது கோணலாக விழுந்தது. அவர் சீட்டை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க" என்றேன். "இன்னொரு தடவ வாசிங்க."